மொஹாபியின் உள்ளங்கை

கள்ளனைப் பிடிப்பது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அதுவும் கையும் களவுமாக இல்லை, வெறும் கையாக. கை ஒன்று போதும், களவை நானே கண்டுபிடித்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. நம்பிக்கைக்கு என்ன, அது எல்லோருக்கும்தான் இருக்கிறது.

மத்தியானம் தூங்கி எழுந்து வாசலுக்கு வந்தேன். சுவரோரம் என் மலை சைக்கிள் சாய்ந்து நின்றது. போகிற போக்கில் கைப்பிடியில் கையை வைத்தேன். ரப்பர் தேய்ந்திருந்தது. தேய்வது அதன் தொழில், அதில் எனக்கு வருத்தமில்லை. தேய்ந்திருந்த இடம்தான் இடித்தது.

நான் ரொட்டி சுடுகிறவன். ரோமாவில், போப்பாண்டவர் ஊர் இல்லை, எங்கள் மலைநாட்டு ரோமாவில், பல்கலைக்கழகத்துக்குக் கீழே, ராத்திரி வேலை. ஊர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுக்கிறபோது நான் மாவு மூட்டையைப் பிரிப்பேன். ஊர் எழுந்து ரொட்டியைப் பிட்டு டீயில் நனைக்கிறபோது நான் படுப்பேன். பிசைந்து பிசைந்து என் கை இரண்டும் அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி மாதிரி உப்பிவிட்டன. அந்தக் கை பிடித்தால் கைப்பிடி ஓரத்திலிருந்து ஓரம் வரை காணாமல் போய்விடும். தேய்ந்தால் முழுசாகத் தேயும். இங்கேயோ, நான் தேய்த்தது போக, பிரேக் பக்கத்து ஓரத்தில் மட்டும் கூடுதலாக வழவழவென்று ஒரு பள்ளம். ஒரு சின்னக் கை அளவுக்கு.

யாரோ ஒரு சின்னக் கைக்காரன், நான் குறட்டை விடுகிற நேரத்தில், என் வண்டியை ஓட்டுகிறான்.

வண்டி என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. வண்டியை எடுக்கிறவன் வாசலுக்கு வர வேண்டும். வாசலுக்கு வந்தவன் வாசலோடு போவான் என்று என்ன நிச்சயம்? வீட்டுக்குள் என் மனைவி இருக்கிறாள். நானும் இருக்கிறேன், ஆனால் தூங்குகிற புருஷன் அலமாரி மாதிரி. இருக்கிறான், யாரையும் தடுக்கமாட்டான்.

அடுப்பங்கரைக்குப் போனேன். என் மனைவி மாடினேயோ நாளைக்கான மக்வென்யாவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கல்லூரி வாசலில் அந்தப் பொரித்த உருண்டைகளை விற்கிறவள் அவள். எங்கள் மகள் டினேயோ தலைநகர் மசேருவில் விடுதியில் படிக்கிறாள். வீட்டில் மீதி இருப்பது நாங்கள் இருவரும் சைக்கிளும்தான்.

"என் வண்டியை யாரோ ஓட்டுறாங்க" என்றேன்.

"எந்திரிச்சதும் இதுவா?"

"கைப்பிடி தேஞ்சிருக்கு."

"அதைத்தான் நான் போன மாசமே சொன்னேன். ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுச்சு, வெறுங்கையில ஓட்டுறீங்க, உங்க கை பாவம், வேற மாத்துங்கன்னு."

"இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு நானும் சொன்னேன்."

"அப்ப தாங்கட்டும். என்னை ஏன் கேக்கறீங்க?"

"தேஞ்ச இடம் என் கை படுற இடம் இல்ல, ம்மே."

அவள் கரண்டியை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசிக்கிறபோது நான் ஓடிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும், இருந்தும் நின்றேன்.

"நேத்து ந்தாதே மொஹாபி வண்டிகிட்ட ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தாரு" என்றாள்.

"எதுக்கு?"

"நின்னாரு. அவ்வளவுதான். நிக்கிறவர்கிட்ட எதுக்கு நிக்கிறீங்கன்னா கேக்க முடியும்?"

மறுபடி மாவைக் கரைக்க ஆரம்பித்தாள். எனக்குள்ளும் எதையோ கரைத்துவிட்டுவிட்டாள்.

மொஹாபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ந்தாதே என்பது எங்கள் ஊர் ஐயா, ம்மே என்பது அம்மா, யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். கற்றாழை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன். மனைவியை இழந்தவன். மட்டக்குதிரைகள் வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்களை மலைக்கு அழைத்துப்போகிறவன். பகலில் விழித்திருக்கிறவன். அது ஒன்றே போதும் எனக்கு அவனைப் பிடிக்காமல் போக. கூம்புத் தொப்பியைச் சரித்து வைத்து, கம்பளியை ஒரு தோளில் போட்டு, குதிரை மேல் அவன் போனால் ஜன்னல்கள் தானாகத் திறக்கும். குரலோ, தண்ணீர்க் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆழம். "நலமா, ம்மே மாடினேயோ?" என்று அவன் கேட்டால், நலமில்லாதவர்களுக்கும் நலமாகிவிடும். நானும் தினம் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். "உங்களுக்குச் சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்று பதில் வரும்.

வேலியோரம் போனேன். குதிரைச் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ந்தாதே மொஹாபி, சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"நானா? எனக்குத் தானா புல்லு தின்னுக்கிட்டு தானா நடக்கிறது நாலஞ்சு இருக்கு. நான் மிதிச்சாத்தான் நடக்கும்னு ஒண்ணு எனக்கு எதுக்கு?"

"சும்மா ஒரு ஆசைக்கு?"

"ஆசைக்கு என் வயசுல முட்டி ஒத்துழைக்கணுமே, ந்தாதே பித்சோ."

வேலி மேல் கையை நீட்டினான். எங்கள் ஊரில் கை கொடுத்தால் சட்டென்று விடமாட்டோம், பேச்சு முடிகிறவரை பிடித்தபடி நிற்போம். எனக்கு வசதியாய்ப் போயிற்று. அவன் கையை என் கைக்குள் வைத்து அளந்தேன். குதிரை வாரைப் பிடிக்கிற கை. சின்னது. என் உள்ளங்கையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

"சின்னக் கை உங்களுக்கு" என்றேன்.

"எங்கம்மா கை" என்றான். பிறகு என் வீட்டுப் பக்கம் பார்த்துச் சிரித்தான். "உங்க வீட்டம்மாதான் இப்பல்லாம் காத்து மாதிரி போறாங்க. மேட்டுல என் குதிரையே மூச்சு வாங்குது, அவங்களுக்கு வாங்கல. குடுத்துவச்சவர் நீங்க."

அவன் அவளை மேட்டில் பார்த்திருக்கிறான். மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று கேட்கிற தூரத்தில் நின்று பார்த்திருக்கிறான். என் மனைவியின் மூச்சைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் எண்ணெய்ச் சட்டியைத் துடைத்தபடி ஊர்க்கதை பேசினாள். அவள் என்னோடு ஊர்க்கதை பேசுவது அபூர்வம். ஊர் நடக்கிற நேரத்தில் நான் இருப்பதில்லை என்பதால், எந்தக் கதையையும் எனக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், அவளுக்கு அலுப்பு.

"கல்லூரிப் பொண்ணு ஒருத்தி இன்னிக்கு மக்வென்யா வாங்க வந்தா. உள்ளங்கை ரெண்டும் கன்னங்கரேல்னு. என்னடியம்மான்னு கேட்டேன். சைக்கிளுக்குப் புதுக் கைப்பிடியாம். வெறுங்கையில ஓட்டுறவங்களுக்குன்னே ரொம்ப மெத்துன்னு ஒரு ரப்பர் வருதாம். புதுசுல கொஞ்ச நாள் கையில கறுப்பு ஒட்டுமாம். கழுவினாலும் லேசுல போகாதாம்."

"அப்படியா?" என்றேன், அக்கறையில்லாத மாதிரி.

"யாரு தொட்டாலும் ஒட்டிக்கும் போல. அதனாலயே யாரும் வாங்க மாட்டேங்கறாங்களாம். நமக்கெதுக்கு அது?"

எழுந்து வெளியே போய்விட்டேன். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது, அவள் பார்த்துவிடக்கூடாது. யாரு தொட்டாலும் ஒட்டிக்கும். பாவம், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு துண்டுப் பேச்சிலிருந்து ஒரு முழுப் பொறியைச் செய்கிற மூளை என்னுடையது. ரொட்டி சுற்றுகிற பழைய செய்தித்தாள்களை வரி விடாமல் படித்து வளர்த்த மூளை.

சனிக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்து மசேருவுக்கு வேன் ஏறினேன். சைக்கிள் கடைக்காரர் பெயர் ந்தாதே தாவு. வாடிக்கையாளர் கண்ணைப் பார்த்து விலை சொல்கிறவர்கள் உண்டு, இவர் கையைப் பார்ப்பார்.

"வெறுங்கையில ஓட்டணும். மெத்துன்னு இருக்கணும்" என்றேன்.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது கை இல்ல, பார்சல்" என்றார். உள்ளே போய்த் தடிமனாய் ஒன்றைக் கொண்டுவந்தார். "இந்தக் கைக்கு இதுதான். மெல்லிசா வாங்கினா விரல் சுத்திவந்து உள்ளங்கையையே குத்தும். முன்கை பிடிச்சுக்கும்."

"மெல்லிசாத்தான் வேணும்."

"யாருக்கு?"

"எனக்கு வேண்டாத ஒருத்தனுக்கு."

"வேண்டாதவனுக்கு எதுக்குங்க நல்ல கைப்பிடி?"

"அவனுக்குப் பிடிக்கணும். பிடிச்சாத்தானே பிடிப்பான்."

தாவு கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார், துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று.

"அவருக்கு உள்ளங்கை வேர்க்குமா?"

"வேர்க்கணும்."

"அப்படின்னா வரிவரியா இருக்கிற இதைப் பாருங்க. வேர்வை வரிக்குள்ள இறங்கிடும், வழுக்காது. ரெண்டு ஓரத்துலயும் வளையம், அதுல குட்டித் திருகு. இறுக்கிட்டா மழையிலயும் சுத்தாது. ரப்பர் வெண்ணெய் மாதிரி. ஆனா ஒரு குறை இருக்கு, மறைக்க மாட்டேன். புதுசுல கறுப்பு—"

"ஒட்டுமா?"

"கொஞ்சம் ஒட்டும்."

"கொஞ்சம்தானா?"

"ந்தாதே, இதுவரை அந்தக் குறை போதலைன்னு யாரும் சொன்னதில்ல."

வாங்கிவிட்டேன். வேனில் வரும்போது பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் பழசைக் கத்தியால் கீறி எறிந்துவிட்டுப் புதுசை மாட்டித் திருகை இறுக்கினேன். மாடினேயோ வாசற்படியில் நின்று பார்த்தாள். வந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பிடித்துப் பார்த்தாள். அவள் விரல்கள் அளவெடுத்துத் தைத்த மாதிரி அதைச் சுற்றி மூடின.

"நல்லா இருக்கு" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு. உங்க கைக்கு மெல்லிசா இல்ல?"

"எனக்கு மெல்லிசுதான் பிடிக்கும்."

"அப்படியா. தெரியாமப் போச்சே. புது ரப்பர், கொஞ்ச நாள் வேலைக்கு ஓட்டிட்டுப் போகாம வீட்டுலயே விட்டுவைங்க. நல்லா இறுகட்டும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானே இதற்கு என்ன சாக்குச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். நான் ஓட்டினால் என் கையில் கறுப்பு ஒட்டும், வேட்டைக்காரன் காலே கண்ணியில் மாட்டினால் எப்படி? அதோடு ரொட்டியில் ஐந்து விரல் அச்சு விழுந்தால் முதலாளி என்னை அடுப்பில் வைப்பார். அவளாகவே வழியைத் திறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து நடந்துதான் வேலைக்குப் போனேன். நடந்துதான் வந்தேன். காலையில் வரும்போது கால் கெஞ்சும். படுத்தால் பிணம். முன்பெல்லாம் மொஹாபியின் குதிரை கனைத்தால் புரண்டு படுப்பேன். இப்போது அது என் நெஞ்சில் ஏறி நின்று கனைத்தாலும் தெரியாது.

எழுந்ததும் முதல் வேலை வேலியோரம் போய்க் கை கொடுப்பது. மொஹாபியின் கை சுத்தமாக இருந்தது. மறுநாளும் சுத்தம். அதற்கு மறுநாள் சந்தேகமே வரவில்லை, உறுதியே வந்துவிட்டது. குதிரை மேய்க்கிறவன் கை இவ்வளவு சுத்தமாய் இருந்தால் என்ன அர்த்தம்? தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான் என்றுதானே அர்த்தம்?

"ஏன் ந்தாதே பித்சோ, இப்ப தினம் வந்து கை கொடுக்கறீங்க?"

"அக்கம்பக்கம் பழகணும் இல்லையா?"

"பழகி ரொம்ப வருஷமாச்சே. என் உள்ளங்கையில ரேகை பாக்கற மாதிரி இருக்கு. ஆயுசு எப்படி?"

"பாத்துதான் சொல்லணும்" என்றேன்.

வீட்டுக்குள் வந்தால் மாடினேயோவின் கை கறுப்பாக இருந்தது. மூன்று கால் இரும்புப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கையெல்லாம் கரி. போய்க் கழுவு" என்றேன்.

"கழுவினா போகமாட்டேங்குது, டினேயோ அப்பா."

"நல்லாத் தேய்க்கணும்." என் வேலைக்குக் கொண்டுபோகிற முரட்டுச் சோப்பை நானே எடுத்துக் கொடுத்தேன். மனைவியின் மேல் அக்கறை உள்ளவன் நான்.

"நீங்க தங்கமான மனுஷன்" என்றாள். அவள் அப்படிச் சொல்லி வருஷக்கணக்காகியிருந்தது. ராத்திரி முழுக்க அந்த வார்த்தையை மாவோடு சேர்த்துப் பிசைந்தேன். பிறகு, அவள் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று தோன்றியது. மாவு புளித்துவிட்டது.

இனிப் பொறுப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மொஹாபியை விருந்துக்குக் கூப்பிட்டேன். கோழியும் சோளக்களியும் கீரையும். இதில்தான் என் சூழ்ச்சியின் உச்சம் இருந்தது. எங்கள் வீடுகளில் கையால்தான் சாப்பிடுவோம். சாப்பாட்டுக்கு முன் வீட்டம்மா செம்பும் கை கழுவ ஒரு எனாமல் பேசினும் கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். வெள்ளைப் பேசின். எவ்வளவு தேய்த்திருந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் பட்டால், ஒளிந்திருக்கிற கறுப்பு வெள்ளையில் வந்து விழத்தான் வேண்டும். விருந்தாளி தப்பவே முடியாது.

மொஹாபி சலவைக் கம்பளியில் வந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். மாடினேயோ தண்ணீர் ஊற்றினாள். அவன் கையைக் கழுவினான். நான் பேசினுக்குள் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது.

"இன்னொரு தடவை கழுவுங்க, ந்தாதே."

"கழுவிட்டேனே."

"விருந்தாளிக்கு இன்னொரு தடவை. எங்க வீட்டு மரியாதை."

கழுவினான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"சோப்பு போட்டு."

"ந்தாதே பித்சோ" என்றான் மொஹாபி, ஆழமான குரலில், மிகப் பொறுமையாக. "இந்தக் கோழியை நான் கொல்லல."

"விரல் இடுக்குல தேய்ங்க."

தேய்த்தான். நுரை வெள்ளையாக வந்தது. என் சூழ்ச்சி முழுவதும் அந்த நுரையோடு வழிந்து பேசினில் இறங்கியது. அப்போதுதான் பார்த்தேன். பேசினின் வெளிவிளிம்பில், வெள்ளை எனாமலில், கறுப்பாக ஒரு கட்டைவிரல். பளிச்சென்று.

"இதோ" என்றேன். "இது என்ன?"

"விரல் அச்சு" என்றான் மொஹாபி.

"யாரோடது?"

"நான் பேசினைத் தொடவே இல்லையே."

உண்மைதான். கழுவுகிறவன் பேசினைத் தொடமாட்டான். இத்தனை நாள் நான் இந்த ஊரில் சாப்பிட்டுக் கை கழுவி வாழ்ந்திருக்கிறேன், தண்ணீர் யார் கையில் விழுகிறது என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். ஊற்றுகிறவளின் கையை யாரும் பார்ப்பதில்லை.

செம்பின் பிடியிலும் கறுப்பு. மாடினேயோ மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தாள்.

"பானைக் கரி" என்றாள்.

செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் கையைத் திருப்பினேன். ரொம்ப நாள் கழித்து அந்தக் கையைப் பிடிக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு. உள்ளங்கைக்குக் குறுக்கே வரிவரியாகக் கறுப்பு, வேர்வை இறங்குவதற்கென்று தாவு காட்டினாரே, அதே வரி. எந்தப் பானைக்கும் அப்படி வரி கிடையாது.

மொஹாபி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றான். "நீங்கதான் அவங்களுக்குன்னு மசேரு போயி மெல்லிசாத் தேடி வாங்கிட்டு வந்தீங்கன்னு நான் ஊரெல்லாம் உங்களைப் பெருமையாச் சொல்லிட்டிருக்கேன். வர்ற சனிக்கிழமை மலைப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்காங்களே."

கோழி ஆறிக்கொண்டிருந்தது. மாடினேயோ எழுந்து எல்லோருக்கும் பரிமாறினாள். எனக்குத் தொடைத்துண்டை வைத்தாள். அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது.

மொஹாபி போனபிறகு கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். கைப்பிடி மாத்துங்கன்னு. இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னீங்க. உங்க கைக்குத் தாங்கும். எனக்குத் தோல் உரிஞ்சுது."

"மொஹாபி வண்டிகிட்ட நின்னார்னு சொன்னே."

"நின்னாரு. நான் சக்கரத்துக்குக் காத்து அடிச்சப்ப பம்பைப் பிடிச்சுக்கிட்டாரு."

"அந்தக் கறுப்பு ஒட்டுற ரப்பர் கதை?"

"அந்தப் பொண்ணு சொன்னதைத்தான் சொன்னேன். நமக்கெதுக்குன்னும் சொன்னேன். வாங்கச் சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. அவள் பேச்சில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். மீனில் முள் தேடுகிற மாதிரி தேடினேன். சதைதான் இருந்தது.

"என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே. எனக்கு ஓட்டணும்னு."

"உங்ககிட்டயா? எப்போ?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "நான் விடியமுன்ன எழுந்து பொரிக்கறேன். நீங்க வந்து படுக்கறீங்க. நான் வித்துட்டு வர்றேன், நீங்க தூங்கறீங்க. கரண்டி சத்தம் கேக்காமச் சமைக்கணும், கதவு சத்தம் கேக்காமத் திறக்கணும். நீங்க எந்திரிக்கறப்ப எனக்குக் கண்ணு சொருகுது. ஒரு நாள் உங்க வண்டியை உருட்டிட்டு மேட்டுக்குப் போனேன். அங்க யாரும் தூங்கலை. இறக்கத்துல வரும்போது நான் கத்தினேன், டினேயோ அப்பா. வாய்விட்டுக் கத்தினேன். அவ்வளவு நாளா வீட்டுல முணுமுணுன்னே பேசிட்டிருந்திருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

அத்தனை நாளாக மொஹாபி மேல் பொறாமைப்பட்டேன். அது எவ்வளவு சுலபமான வேலை என்று இப்போது தெரிந்தது. ஒரு ஆளை முறைக்கலாம், கை கொடுத்து நசுக்கலாம், மூன்று தடவை கழுவ வைக்கலாம். ஒரு மேட்டை என்ன செய்வது? என் மனைவி கத்துகிற சத்தத்தை அந்த மலை கேட்டிருக்கிறது, கல்லூரிப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள், மொஹாபியின் குதிரைகூடக் கேட்டிருக்கிறது. நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து படுக்காமல் நேரே மேட்டுக்குப் போனேன். அவள் என் வண்டியில், வெறுங்கையோடு, சின்னப் பெண்களுக்கு நடுவே நின்றாள். கம்பளியைக் கழற்றி என் தோளில் போட்டாள், கொடியில் போடுகிற மாதிரி. பிறகு போய்விட்டாள்.

பக்கத்தில் மொஹாபி. கடைசி இறக்கத்தில் அவள் தலை தெரிந்ததும் அவன் கையை வாயருகே குவித்து, குதிரைப் பந்தயத்தில் பாடுகிற மாதிரி அவளை வாழ்த்தி வரி வரியாக எடுத்துவிட்டான். மலையிலிருந்து இறங்குகிற இடியே, மாவு பிசையும் மின்னலே என்று. கூட்டம் குலவையிட்டது. நானும் கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பகலில் பேசிப் பழகாத தொண்டை. காற்று மட்டும் வந்தது. மாவு பிசைகிறவன் நான்தான் என்று அவனைத் திருத்தக்கூட முடியவில்லை.

அவள் இரண்டாவதாக வந்தாள். இறங்கும்போது, எங்களைத் தாண்டிப் போகையில், கத்தினாள். பயத்தில் கத்துவது போலவும் இல்லை, கூப்பிடுவது போலவும் இல்லை. இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது?

"கைப்பிடி எப்படி?" என்று கேட்டேன், வேறு எதுவும் கேட்கத் தெரியாமல்.

"வழுக்கவே இல்ல" என்றாள். மூச்சு வாங்கவில்லை. மொஹாபி சொன்னது சரிதான். அதுவும் பிடிக்கவில்லை எனக்கு.

இப்போது வண்டி அவளுடையது என்று யாரும் சொல்லவில்லை. நான் நடந்து வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். என் கைக்குத் தோதான தடிமனான கைப்பிடி மாட்ட வேண்டும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மாட்டலாமே, இன்னொரு வண்டி வாங்கினதும் என்றாள்.

போன வாரம் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனபோது, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"ந்தாதே மொஹாபி வந்திருந்தாரு. சீட்டை ரொம்ப நேரம் தடவிப் பாத்துட்டு நின்னாரு. பழசாயிடுச்சுன்னாரு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "மறுபடியுமா, ம்மே? என்னை யாருன்னு நினைச்சே?"

"சரி" என்றாள். மறுபடி மாவில் கரண்டியை விட்டாள்.

பொய் என்று எனக்குத் தெரியும். அவன் வரவே இல்லை, அன்று காலையிலிருந்தே குதிரைகளோடு மலையில் இருந்தான் என்று விசாரித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் விசாரித்தது மத்தியானம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு?

நேற்று மசேருவிலிருந்து புது சீட் வாங்கி வந்து மாட்டினேன். அவளையே உட்கார வைத்துத்தான் உயரம் பார்த்தேன்.